இடமும் நேரமும்: வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இரவு உணவுக் கடைகளின் உரிமம்

1. கேள்வி

பொழுது சாய்ந்ததும் வில்லியனூர் கடைவீதியிலும் பாகூர்க் கடைத்தெருவிலும் தள்ளுவண்டிகள் வந்து சேர்கின்றன. கடலூர் சாலையில் கிருமாம்பாக்கம், கன்னியக்கோவில் பகுதிகளிலும் இதே காட்சிதான். இட்லி, முட்டை தோசை, பரோட்டா, சிக்கன் பக்கோடா, மீன் வறுவல், ஃபிரைடு ரைஸ், காளான், பானிபூரி என்று வண்டிக்கு வண்டி சரக்கு மாறும். சாப்பிட வருபவர்களைப் பார்த்தால் இந்தக் கடைகள் யாருக்காக நிற்கின்றன என்பது தெரியும். சேதராப்பட்டு, காட்டுக்குப்பம் தொழிற்பேட்டைகளில் இரண்டாம் ஷிஃப்ட் முடித்தவர்கள், கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம், அரியூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நோயாளிக்குத் துணையாகத் தங்கியிருப்பவர்கள், லாரி ஓட்டுநர்கள், கடைசிப் பேருந்தில் வந்து இறங்குபவர்கள். ஓட்டல்கள் கதவடைத்த பிறகு இவர்களுக்குச் சூடாக ஒரு வாய் கிடைக்கும் இடம் இதுதான்.

இந்த வண்டிக்காரரிடம் உரிமம் இருக்கிறதா என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ‘இல்லை’ என்பதே. செய்தித்தாள் மொழியில் இவை ‘அனுமதியின்றிப் போடப்பட்ட கடைகள்’. அவற்றை எடுப்பது ‘ஆக்கிரமிப்பு அகற்றம்’. உரிமம் கொடுக்க ஓர் அலுவலகமும் அதற்கென ஒரு படிவமும் இருந்து, கடைக்காரர்தான் அலட்சியமாக வாங்காமல் விட்டார் என்ற எண்ணம் இந்தச் சொற்களுக்கு அடியில் இருக்கிறது. இந்தக் கட்டுரை சோதித்துப் பார்ப்பது அந்த எண்ணத்தைத்தான். புதுச்சேரியின் ஊரக உள்ளாட்சி அமைப்பான கொம்யூன் பஞ்சாயத்து ஒன்றின் எல்லைக்குள், இரவு பத்து மணிக்கு, ஒரு சாலையோரத்தில் நின்று சமைத்து விற்க எந்தச் சட்டம் யாருக்கு உரிமம் தருகிறது? உணவுக்கும் வியாபாரத்துக்கும் பதிவோ உரிமமோ தரும் வழிகள் உண்டு. இடத்துக்கும் நேரத்துக்கும் உரிமம் தரும் வழி கிராமப் புதுச்சேரியில் அமைக்கப்படவே இல்லை என்பது என் வாதம்.

2. நகர எல்லையோடு நின்றுவிட்ட சட்டம்

தெருவியாபாரம் உரிமையா, சலுகையா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1989ஆம் ஆண்டு சோதன் சிங் வழக்கில் பதில் சொன்னது. சாலையோரத்தில் வியாபாரம் செய்வது அரசியல் சாசனத்தின் 19(1)(g) பிரிவு தரும் தொழில் உரிமைக்குள் வரும். அதற்கு நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம். ஆனால் இன்ன இடம் எனக்கே வேண்டும் என்று எவரும் கோர முடியாது. உரிமை உண்டு, இடம் மட்டும் நிச்சயமில்லை என்ற இந்த நிலை கால் நூற்றாண்டு நீடித்தது. 2004லும் 2009லும் தேசியக் கொள்கைகள் வந்தன. அவை கொள்கைகள் மட்டுமே என்பதால் எந்த ஆணையரையும் கட்டுப்படுத்தவில்லை. கடைசியில் 2014ஆம் ஆண்டு தெருவியாபாரிகள் (வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் தெருவியாபார ஒழுங்குமுறை) சட்டம் நிறைவேறி, அந்த ஆண்டு மே 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது.

இந்தச் சட்டத்தின் அமைப்பை ஊன்றிப் பார்க்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒரு முறையாவது வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும் வரை எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடமாற்றமோ அகற்றமோ தேவைப்பட்டால் முப்பது நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். பொருளைப் பறிமுதல் செய்தால், கெட்டுப்போகக் கூடிய சரக்கை உரியவர் கேட்கும் அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். மாவும் இறைச்சியும் வைத்துப் பிழைப்பவருக்கு இந்த ஒரு வரியின் பெறுமதி தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கே விற்கலாம், எங்கே கட்டுப்பாட்டோடு விற்கலாம், எங்கே விற்கக் கூடாது, ஒரே இடத்தை நேரம் பிரித்து எப்படிப் பகிரலாம் என்பதை அதிகாரி தனியாக முடிவு செய்ய முடியாது. நகர வியாபாரக் குழு ஒன்று வேண்டும். அதில் நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். போக்குவரத்துக் காவல், காவல்துறை, மருத்துவ அலுவலர், குடியிருப்போர் சங்கம், வங்கி எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்கிறார்கள்.

இத்தனையும் யாருடைய எல்லையில்? ‘உள்ளாட்சி அமைப்பு’ என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம் மாநகராட்சி, நகராட்சி, நகரப் பஞ்சாயத்து, கண்டோன்மென்ட் வாரியம் என்று போய், ‘ஏதேனும் ஒரு மாநகரிலோ நகரிலோ’ குடிமைச் சேவை செய்யும் பிற அமைப்புகளையும் சேர்த்துக்கொள்கிறது. கிராமப் பஞ்சாயத்து அதில் இல்லை. கொம்யூன் பஞ்சாயத்து என்ற சொல்லும் இல்லை. இதே சட்டம் ‘உரிய அரசு’ யார் என்று சொல்லும் இடத்தில், சட்டமன்றமுள்ள ஒன்றியப் பகுதிகளான டெல்லியையும் புதுச்சேரியையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆக, புதுச்சேரி அரசு இந்தச் சட்டத்தின் கீழ் விதிகள் செய்யக் கடமைப்பட்ட அரசு. ஆனால் அந்த அரசின் கீழுள்ள பத்துக் கொம்யூன்களும் சட்டத்தின் பார்வையில் படவில்லை. புதுச்சேரி, உழவர்கரை, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகிய ஐந்து நகராட்சிகளுக்கு மட்டும் சட்டம் பொருந்துகிறது. புதுச்சேரி வட்டாரத்தில் மிஞ்சிய வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு ஆகிய ஐந்து கொம்யூன்களும், காரைக்கால் வட்டாரத்தின் ஐந்தும் வெளியே நிற்கின்றன.

வேறொரு விதமாகவும் வாதிடலாம். வில்லியனூர் கடைவீதியில் நின்று பார்ப்பவர் எவரும் அதைக் கிராமம் என்று சொல்ல மாட்டார். ‘ஏதேனும் ஒரு நகரில் செயல்படும் பிற அமைப்பு’ என்ற சொற்களைத் தாராளமாகப் பொருள்கொண்டால், நகரத்தன்மை பெற்ற பகுதிகளுக்குக் கொம்யூனையே உள்ளாட்சி அமைப்பாகக் கொள்ள முடியாதா? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதற்குத் துணைக்கு வருவதுபோலத் தோன்றும். ஐயாயிரம் பேருக்குக் குறையாத மக்கள்தொகை, ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் நான்கில் மூன்று பங்கினராவது விவசாயம் சாராத வேலையில் இருத்தல், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வாழ்தல் என்ற மூன்று அளவுகோலும் பொருந்தினால் ஓர் ஊர் ‘கணக்கெடுப்பு நகரம்’ ஆகிறது. அரியாங்குப்பமும் மணவெளியும் 2011 கணக்கெடுப்பில் அப்படித்தான் எண்ணப்பட்டன. ஆனால் கணக்கெடுப்புத் துறை நகரம் என்று எண்ணியதாலேயே நிர்வாகம் மாறிவிடுவதில்லை. ஆட்சி கொம்யூனிடம்தான் இருக்கிறது. அந்தத் தாராளமான பொருள்கோளை அரசு அறிவிக்கையாக வெளியிடாதவரை, எந்தக் கொம்யூன் ஆணையரும் தாமாக முன்வந்து வியாபாரக் குழு அமைக்கத் துணிய மாட்டார். வாதம் சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் வாதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒருவர் தோசை சுட முடியாது.

இந்த எல்லைக்கோடு எவ்வளவு விபரீதமானது என்பதை 2020 ஜூன் 1ஆம் தேதி தொடங்கிய பி.எம். ஸ்வநிதி கடன் திட்டத்தில் பார்க்கலாம். ஊரடங்கில் நொடித்துப்போன தெருவியாபாரிகளுக்கு முதலில் 10,000 ரூபாய், திருப்பிக் கட்டினால் 20,000, பிறகு 50,000 என்று படிப்படியான கடன். சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து வந்து நகர எல்லைக்குள் விற்பவர்களுக்கும் பரிந்துரைக் கடிதத்தின் பேரில் கடன் உண்டு என்று விதி இருந்தது. அதன்படி, வில்லியனூர்க்காரர் ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு உழவர்கரை நகராட்சி எல்லைக்குள் போய் விற்றால் அவர் தெருவியாபாரி. அதே வண்டியை, அதே மாவோடும் அதே அடுப்போடும் தம் ஊர்ச் சந்திப்பில் நிறுத்தினால் அவர் திட்டத்துக்கு வெளியே. 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை இந்தத் திட்டத்தை 2030 மார்ச் வரை நீட்டித்தது. முதல் தவணையை 15,000 ஆகவும் இரண்டாவதை 25,000 ஆகவும் உயர்த்தி, கணக்கெடுப்பு நகரங்களுக்கும் நகரையொட்டிய பகுதிகளுக்கும் படிப்படியாக விரிவாக்குவதாகவும் அறிவித்தது. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் விளைவு தலைகீழாக வரக்கூடும். வங்கியின் கண்ணில் தெருவியாபாரியாகிவிட்ட ஒருவர், அவர் நிற்கும் நிலத்தின் கண்ணில் ஆக்கிரமிப்பாளராகவே இருப்பார். கடன் வந்த பிறகு வண்டி பறிபோனால் தவணையை யார் கட்டுவது?

3. கையில் இருக்கும் காகிதங்கள்

வண்டிக்காரரிடம் எந்தக் காகிதமுமே இல்லை என்பதும் சரியல்ல. சிலரிடம் ஒன்று இருக்கும், சிலரிடம் இரண்டு. அவை ஒவ்வொன்றும் எதைச் சொல்கின்றன என்பதுதான் கேள்வி.

முதலாவது உணவுப் பாதுகாப்புப் பதிவு. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த உரிமம், பதிவு விதிமுறைகள் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்குள் விற்றுமுதல் உள்ளவரைச் சிறு உணவு வணிகர் என்று வகுத்து, ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணத்தில் பதிவு செய்துகொள்ளச் சொன்னன. தெருவில் கூவி விற்பவர், தற்காலிகக் கடை போடுபவர் ஆகியோரை அந்த விதிமுறைகள் வெளிப்படையாகவே குறிப்பிட்டன. இந்தச் சட்டத்துக்கு நகரம், கிராமம் என்ற பேதம் கிடையாது. பாகூரிலும் அது செல்லும். இதன் கீழ் உணவின் தூய்மையும் எண்ணெயின் நிலையும் சோதனைக்கு உட்படும். வறுக்கும் எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் வண்டிக்கும் நட்சத்திர ஓட்டலுக்கும் பொதுவானது. ஆனால் இந்தப் பதிவு, ‘நீ இங்கே நிற்கலாம்’ என்று சொல்வதில்லை. உணவு பற்றிய ஒழுங்கோடு அது நின்றுவிடுகிறது.

இரண்டாவது, கொம்யூன் பஞ்சாயத்து தரும் தொழில் உரிமம். இதற்கு அடிப்படை 1973ஆம் ஆண்டின் புதுச்சேரி கிராம மற்றும் கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம். கதவு எண், வரி ரசீது, கட்டட உரிமையாளரின் ஒப்புதல் என்று போகும் இந்த உரிம நடைமுறை நான்கு சுவருள்ள கடையை மனத்தில் வைத்து உருவானது. சக்கரத்தில் நிற்கும் கடைக்கு அதில் எழுத முகவரியே இல்லை.

மூன்றாவது, அடிக்காசு ரசீது. சந்தையில் தரையில் பரப்பி விற்பவர்களிடம் அன்றாடம் வசூலிக்கும் தொகைக்குப் புதுச்சேரியில் இந்தப் பெயர்தான். வசூலிக்கும் உரிமையை ஏலம் விட்டுக் குத்தகைதாரரிடம் கொடுப்பது நெடுநாள் வழக்கம். அந்தச் சின்னத் துண்டுச் சீட்டில் தொகையும் தேதியும் இருக்கும். வாங்கியவர் பெயர் இருக்காது. பத்து ஆண்டு தினமும் அடிக்காசு கட்டியவர்கூட, தாம் அங்கே கடை போட்டதற்கு ஆதாரமாக அந்தச் சீட்டுகளைக் காட்டி எதையும் நிலைநாட்ட முடியாது. பணம் வாங்கப்பட்டதற்கு அது சான்று; இருப்புக்குச் சான்று ஆகாது. ஓர் உள்ளாட்சி தன் மக்களிடமிருந்து அன்றாடம் காசு வாங்கிக்கொண்டே அவர்களைப் பெயரில்லாதவர்களாக வைத்திருப்பது எனக்கு மிகுந்த மனவருத்தம் தருகிறது.

இவற்றுக்குப் பக்கத்திலேயே எரிவாயுச் சிக்கலும் இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரைக் கடையில் எரிப்பது 2000ஆம் ஆண்டின் எரிவாயு விநியோக ஒழுங்குமுறை ஆணைப்படி குற்றம். வணிகத்துக்கான 19 கிலோ சிலிண்டருக்கு இணைப்புக் கேட்டால் கடையின் சான்று கேட்பார்கள். அந்தச் சான்று தொழில் உரிமம். தொழில் உரிமத்துக்குக் கதவு எண். இந்த வட்டத்தை உடைத்துக்கொண்டு வருவது, அடையாள அட்டையைக் காட்டியே வாங்கக்கூடிய 5 கிலோ சிலிண்டர் ஒன்றுதான். பரோட்டாக் கல்லுக்கு அது ஒரு மாலையைத் தாண்டி வருமா என்பதைக் கடைக்காரரிடம்தான் கேட்க வேண்டும். சட்டத்துக்குப் புறம்பாக இருக்கிறார்கள் என்று சொல்லப்படும் பல நேரங்களில், ஒரு காகிதம் இன்னொரு காகிதத்தைக் கேட்டு, அது முதல் காகிதத்தையே திரும்பக் கேட்கும் இந்தச் சுழலைத்தான் நாம் பார்க்கிறோம்.

4. நிலம் பலருடையது, இரவு ஒருவருடையது

ஒரு தள்ளுவண்டிக்குத் தேவை ஏறத்தாழ ஆறடிக்கு நான்கடி இடமும், சாப்பிடுபவர்கள் நிற்க இன்னும் கொஞ்சமும். அந்தச் சிறு துண்டு யாருடைய நிலம் என்பதைப் பொறுத்து விதி மாறுகிறது. வில்லியனூர் ரயில் நிலைய வாசலில் அது ரயில்வே நிலமாக இருக்கலாம். 2014 சட்டமே ரயில்வே நிலத்துக்குத் தான் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. தேசிய நெடுஞ்சாலை ஓரமானால் 2002ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் (நிலம் மற்றும் போக்குவரத்து) கட்டுப்பாட்டுச் சட்டம் வருகிறது. உள்சாலைகள் சில பொதுப்பணித் துறையுடையவை, சில கொம்யூனுடையவை. திருக்காமீசுவரர் கோயிலையோ பாகூர் மூலநாதர் கோயிலையோ சுற்றிய இடமென்றால் கோயில் நிர்வாகமும் பேச்சில் வரும். பகலில் இந்தச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அலுவலகம் உண்டு. இரவு ஒன்பது மணிக்கு அவர்களில் எவரும் இல்லை.

அப்போது தெருவில் இருக்கும் ஒரே அரசு காவல் ரோந்து வண்டி. ஆகவே இரவுக் கடையின் உண்மையான உரிமம் வழங்குபவர், எந்தச் சட்டமும் அப்படி நியமிக்காமலேயே, காவல்துறையாகிவிட்டது. அதற்குக் கையில் கிடைக்கும் கருவி போக்குவரத்து இடையூறு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 283ஆம் பிரிவில் பொதுவழிக்கு இடையூறு செய்வதற்கு அபராதம் 200 ரூபாய் வரை. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 285ஆம் பிரிவில் அதே குற்றத்துக்கு 5,000 ரூபாய் வரை. கடை இருக்க வேண்டிய இடம் எது என்று குறித்துக் கொடுக்காமல், இல்லாத இடத்தில் நிற்பதற்கான தண்டனை மட்டும் இருபத்தைந்து மடங்கு உயர்ந்திருக்கிறது.

காவலர்களைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. விபத்து நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். குடித்துவிட்டு வரும் கும்பல் கடையடியில் சண்டை போட்டால் விலக்கிவிடவும் அவர்கள்தான் வர வேண்டும். மூடச் சொல்லும் நேரம் எழுத்தில் எங்கும் குறிக்கப்படாதபோது, ஒரு நிலைய அதிகாரி பதினொன்று என்பார், அடுத்து வருபவர் பத்து என்பார், திருவிழா நாளில் இருவருமே கண்டுகொள்ள மாட்டார்கள். வில்லியனூர்த் தேரோட்டத்திலும் மாதா கோயில் ஆண்டுத் திருவிழாவிலும் இரவெல்லாம் கடை நடப்பதை ஊரே எதிர்பார்க்கிறது. அதே கடை மறுவாரம் குற்றமாகிறது. நேரம் எழுத்தில் இல்லாததன் சுமை கடைக்காரர் மீது எப்படி விழுகிறது என்பதை மாவுச் சட்டியைப் பார்த்துச் சொல்லலாம். பதினொன்று வரை என்று நினைத்து ஆட்டிய மாவு பத்துக்கு மூடச் சொன்னால் மிஞ்சும். மறுநாள் புளித்த மாவை ஊற்றுவதா, கீழே கொட்டுவதா என்ற கேள்வி வரும். உணவின் தரமும் நேரத்தின் நிச்சயமும் இந்த இடத்தில் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. இதை உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள்கூட அதிகம் பேசுவதில்லை.

புதுச்சேரிக்கே உரிய இன்னொரு சிக்கல் எல்லை. பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற வரைபடத்தில் புதுச்சேரி வட்டாரம் ஒரே நிலத்தொடராக இல்லை. நடுநடுவே தமிழ்நாட்டுக் கிராமங்கள் புகுந்திருக்கின்றன. பாகூர்ப் பக்கம் முள்ளோடையைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். சாலையில் சற்று நகர்ந்தால் வண்டி வேறொரு மாநிலத்தின் பஞ்சாயத்துச் சட்டத்துக்குள் போய்விடும். இங்கே விரட்டினால் அங்கே, அங்கே விரட்டினால் இங்கே என்ற நகர்வுக்கு இது இடம் கொடுக்கிறது. எல்லையோரக் கடைகளை எந்தப் பக்கத்துக் கணக்கிலும் சேராமல் விட்டுவிடுவதும் இதே நகர்வுதான்.

5. பஞ்சு மிட்டாய் கற்றுத் தந்தது

புதுச்சேரியில் தெரு உணவும் உரிமமும் நேருக்கு நேர் சந்தித்த அண்மை நிகழ்வு 2024 பிப்ரவரியில் நடந்தது. விற்கப்பட்ட பஞ்சு மிட்டாயில் துணிக்குச் சாயமேற்றப் பயன்படும் ரோடமைன்-பி கலந்திருப்பதை உணவுப் பாதுகாப்புத் துறை கண்டது. அப்போதைய துணைநிலை ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜன் விற்பனைக்குத் தடையை அறிவித்தார். உணவுப் பாதுகாப்புத் துறையின் தரச் சான்று பெற்றவர்கள் மீண்டும் விற்கலாம் என்றும் சொல்லப்பட்டது. அதே மாதம் தமிழ்நாடும் தடை விதித்தது.

தடை நியாயமானது, குழந்தைகள் வாயில் போகும் பண்டத்தில் நச்சுச் சாயம் இருந்தது. கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் விற்பனை, பிறகு ஆபத்து, பிறகு தடை, கடைசியில்தான் ‘சான்று வாங்கிக்கொண்டு வா’ என்ற அழைப்பு. பதிவு செய்யும் கடமை பல ஆண்டுகளாகச் சட்டத்தில் இருந்தது. தோளில் கழியோடு கடற்கரைக்கும் கிராமத் திருவிழாக்களுக்கும் நடக்கும் அந்த வியாபாரிகளை யாரும் முன்பே தேடிப் போய்ப் பதிவு செய்யவில்லை. பெயரும் இருப்பிடமும் பதிவில் இருந்திருந்தால், சாயம் எங்கிருந்து வாங்கப்பட்டது என்று பின்தொடர்ந்து போய் மொத்த வியாபாரியைப் பிடித்திருக்கலாம். எல்லோருக்குமான தடை என்பது யார் யார் என்று தெரியாத ஓர் அரசின் கையில் மிஞ்சும் ஒரே கருவி. இரவுக் கடைகளில் ஒரு நாள் உணவு நச்சாகிப் பத்துப் பேர் மருத்துவமனைக்குப் போனால், வில்லியனூரிலும் பாகூரிலும் நடக்கப்போவது இதுவே: ஒரு வண்டியின் தவறுக்கு எல்லா வண்டிகளும் மறையும்.

6. ‘அப்படியே விடுங்கள்’ என்பவர்களும் ‘ஒழுங்குபடுத்துங்கள்’ என்பவர்களும்

உரிமமே வேண்டாம், இப்போதுள்ள சகிப்பே ஏழைக்கு நல்லது என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. அதற்கு அண்மை ஆதாரமும் உண்டு. 2025ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிப் பகுதிகளில் வணிகம் செய்வோர் உரிமம் பெற வேண்டும் என்று விதிகள் வந்தபோது பெட்டிக்கடை, டீக்கடைக்காரர்களிடமிருந்து கடும் எதிர்ப்புக் கிளம்பியது. அரசு அதை நிறுத்தி வைத்தது. கிராமத்துச் சிறு கடைக்காரர் காதில் உரிமம் என்ற சொல் கட்டணம், அலைச்சல், கைமாறும் பணம் என்றே விழுகிறது. அந்தப் பயம் அனுபவத்தில் பிறந்தது. அந்த விதிகள் கடைக்காரரிடமிருந்து எதைப் பெறுவது என்று தெளிவாகச் சொன்னன. பதிலுக்கு அவருக்கு என்ன பாதுகாப்பு என்பதில் அந்தத் தெளிவு இல்லை. வாங்குவது மட்டும் இருந்து கொடுப்பது இல்லாத உரிமத்தை எதிர்த்தது சரியே.

ஆனால் சகிப்பு யாருக்கு நல்லது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஊரில் செல்வாக்குள்ளவரின் வண்டி அகற்றப்படுவதில்லை. உறவும் சாதிப் பலமும் இல்லாதவர், தனியாகக் கடை நடத்தும் பெண், வெளிமாநிலத்திலிருந்து வந்து பானிபூரி விற்பவர் ஆகியோர்தான் முதலில் நகர்த்தப்படுகிறார்கள். எழுதப்படாத அனுமதி எப்போதும் ஆள் பார்த்தே செயல்படும். இட்லிக் கடை வைத்திருக்கும் பெண்ணுக்கு இரவு பத்து மணிக்கு ஒரு சர்ச்சை வந்தால், எடுத்துக் காட்ட ஒரு காகிதம் இருப்பதும் இல்லாமல் போவதும் மிகப் பெரிய வேறுபாடு.

ஒழுங்குபடுத்தச் சொல்பவர்கள் வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டு சிங்கப்பூர். 1968–69இல் தீவு முழுவதும் வியாபாரிகளைப் பதிவு செய்து, 1986க்குள் எல்லோரையும் உணவு அங்காடி நிலையங்களுக்கு மாற்றிய அந்த ஊரின் வெற்றியைத் தமிழர்களும் அங்கே உண்டு அறிந்திருக்கிறார்கள். அந்த வரலாற்றில் நமக்கு வேண்டியது முதல் பாதிதான். முதலில் எல்லோரையும் எண்ணினார்கள், எண்ணியவர்களுக்கு இடம் கட்டினார்கள். நம் ஊரில் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே ஒரு கூரை போட்டு அங்கே போகச் சொல்வார்கள். ஷிஃப்ட் முடிந்து வருபவர் அங்கே போக மாட்டார்; கடை ஒரு மாதத்தில் பழைய சந்திப்புக்கே திரும்பும்.

ஓட்டல் நடத்துபவர்களின் குறையும் கேட்கப்பட வேண்டும். வாடகை, தொழில் உரிமம், மின் கட்டணம், வரி என்று எல்லாம் கட்டும் சிறு ஓட்டலின் வாசலிலேயே வண்டி நிற்பது நியாயமா என்கிறார்கள். நேரம் பிரித்துப் பகிர்வது இதற்குப் பெருமளவு பதிலாகும்: ஓட்டல் மூடும் நேரத்துக்குப் பின் தொடங்கும் கடைக்கும் ஓட்டலுக்கும் போட்டி மிகக் குறைவு. ஆனால் அப்படி ஓர் ஏற்பாட்டை இருவரையும் உட்காரவைத்துப் பேசி எழுதும் மேசை இல்லை.

7. தேர்தல் நடக்காத கொம்யூன்

அந்த மேசையைப் போட வேண்டியது யார்? கொம்யூன் இங்கே புதிய அமைப்பல்ல. 1880ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆணை உருவாக்கிய அமைப்பின் வாரிசு. வில்லியனூரும் பாகூரும் தொடக்கத்திலிருந்தே கொம்யூன்கள். அரசியல் சாசனத்தின் பதினோராம் அட்டவணை ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத் தக்கவை என்று குறித்த 29 பொருள்களில் சந்தைகளும் விழாக்களும் உண்டு. தெருவில் விற்பதை ஒழுங்குபடுத்தக் கொம்யூன் முனைந்தால் அது வேற்று வேலையாகாது.

ஆனால் 1968க்குப் பிறகு புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல். அதற்கு முப்பத்தெட்டு ஆண்டு ஆயிற்று. அந்த மன்றங்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்த பின் அடுத்த தேர்தல் நடக்கவில்லை. 2021இல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் இட ஒதுக்கீட்டுச் சிக்கலில் நீதிமன்றம் போய் நின்றுபோனது. கொம்யூன்களை ஆணையர்கள் நடத்துகிறார்கள். ஆணையர் நேர்மையானவராகவும் உழைப்பாளியாகவும் இருக்கலாம். ஆனாலும் கடை நிற்கட்டும் என்ற முடிவு, எதிர்ப்பு வரக்கூடிய, பேரம் பேச வேண்டிய அரசியல் முடிவு. குடியிருப்பவரிடம் சத்தத்துக்கும் குப்பைக்கும் பதில் சொல்லி, கடைக்காரரிடம் ஒழுங்கைக் கேட்டு வாங்கி, காவல் நிலையத்தோடு ஒரு மணியை ஒப்புக்கொள்ளச் செய்ய ஊரில் ஓட்டு வாங்கிய ஒருவர் வேண்டும். மாற்றலாகிப் போகக்கூடிய அலுவலருக்கு அகற்றச் சொல்லும் கோப்பில் கையெழுத்திடுவது எளிது. நிற்க அனுமதிக்கும் கோப்பு ஆபத்தானது. இரவுக் கடைக்கு உரிமம் இல்லாததற்கு 2014 சட்டத்தின் விளக்கப் பிரிவு ஒரு காரணம் என்றால், பதினான்கு ஆண்டுகளுக்கும் மேலாகக் காலியாகக் கிடக்கும் மன்ற நாற்காலிகள் அதற்குக் குறையாத காரணம்.

8. தொடங்கக் கூடிய இடம்

நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி ஊரகத்துக்கும் விரிக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. 1973 சட்டம் புதுச்சேரியின் சொந்தச் சட்டம். அதன் கீழ் விதிகள் வழியாகவோ சட்டமன்றத் திருத்தம் வழியாகவோ 2014 சட்டத்தின் அடிப்படைகளைக் கொம்யூனுக்குக் கொண்டுவர அரசுக்கு வழி உண்டு. அவற்றில் கட்டாயம் வர வேண்டியவை என்று நான் கருதுபவை கணக்கெடுப்பு முடியும் வரை அகற்றத் தடை, முப்பது நாள் அறிவிப்பு, கெட்டுப்போகும் பொருளை அன்றே திருப்பித் தருதல், வியாபாரிகள் நாற்பது விழுக்காடு இருக்கும் குழு. 2014 சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள ஒரு நெறியையும் விடாமல் எடுத்துக்கொள்ள வேண்டும்: தானாக உருவாகி நடக்கும் சந்தையை விற்பனைத் தடைப் பகுதியாக அறிவிக்கக் கூடாது. கிருமாம்பாக்கம் மருத்துவமனைப் பகுதியில் கூடும் வண்டிகளைப் போன்றவற்றுக்காகவே எழுதியது போன்ற நெறி அது.

கட்டணம் பற்றி ஒரு சொல். தொடக்க ஆண்டுகளில் கட்டணமே வேண்டாம் என்பது என் கருத்து. அடிக்காசை ஏலத்தில் விடுவதை இந்தக் கடைகளுக்கு நீட்டிக்கவும் கூடாது. வசூலிக்கத்தான் வேண்டுமென்றால் கொம்யூனே வசூலிக்கட்டும்; ரசீதில் கடைக்காரரின் பெயர், இடம், நேரம் மூன்றும் இருக்கட்டும். அந்த மூன்றும் எழுதப்பட்ட நாளிலிருந்து அடிக்காசுச் சீட்டே இருப்புக்குச் சான்றாக மாறத் தொடங்கும். உணவுப் பாதுகாப்புப் பதிவையும் அதே மேசையில் செய்து கொடுக்கலாம். தண்ணீர்க் குழாய், குப்பைத் தொட்டி, ஒரு தெருவிளக்கு ஆகியவற்றைக் கொம்யூன் தன் பங்காகத் தர வேண்டும். கையுறையும் மூடிய பாத்திரமும் நல்ல எண்ணெயும் கடைக்காரர் பங்கு.

இதற்கெல்லாம் முன்னால் வருவது கணக்கெடுப்பு. பாகூரில் எத்தனை இரவுக் கடைகள், அவற்றை நடத்துபவர்களில் எத்தனை பெண்கள், எத்தனை பேர் அதே ஊர்க்காரர்கள், எந்தெந்த நிலத்தில் நிற்கிறார்கள் என்று ஓர் அட்டவணை கொம்யூன் அலுவலகத்தில் இருந்தாக வேண்டும். அலுவலக நேரத்தில் போய் எண்ணினால் பழக்கடையும் பூக்கடையும் மட்டும்தான் கணக்கில் வரும். படிவத்தில் கடை போடும் நேரம், எடுக்கும் நேரம் என்று இரண்டு கட்டங்கள் வேண்டும். எண்ண வருபவர்கள் இரவு ஒன்பது மணிக்கு மேல், உணவுப் பாதுகாப்பு அலுவலரையும் உடன் அழைத்துக்கொண்டு வர வேண்டும்.